தாத்தாவின் காகிதங்களைக் குப்பையில் போடாதீர்கள்



கிறிஸ்துமஸுக்கு வீடு சுத்தம் செய்யும்போது டிரங்குப் பெட்டியைத் திறந்திருப்பீர்கள். கரையான் அரித்த பழுப்புத் தாள்கள்! "செத்துப்போனவர் காகிதம் எதற்கு?" என்று நானும் ஒருமுறை கேட்டேன். அம்மா பதில் சொல்லாமல் என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டார்கள்.

கட்டிய கரண்ட் பில்லை ஒரு வருஷம் வைத்திருந்தால் போதும், பிறகு கிழிக்கலாம். நாமோ பில்லைக் கட்டுக்கட்டாய்ச் சேர்க்கிறோம், பெரியவர்களின் காகிதத்தைத் தூக்கிப் போடுகிறோம். நம் ஜனத்துக்கு இது தலைகீழ்ப் புத்தி. 1982-ம் வருஷத்துக் குடியுரிமைச் சட்டத்தைப் பாருங்கள். 1948 ஜனவரி 4-க்கு முன்பே இந்நாட்டுக்கு வந்து குடியிருந்தவரும், இங்கே பிறந்த அவர் பிள்ளைகளும், 1948 சட்டப்படி விண்ணப்பிக்காமல் விட்டிருந்தால், உறுதியான அத்தாட்சி காட்டித்தான் குடியுரிமை கேட்க முடியும். அந்த அத்தாட்சி தாத்தாவின் பெட்டியில் இருக்கிறது. பச்சை அட்டையா, ரோஸ் அட்டையா என்ற கேள்வி பேரன் வரைக்கும் வருகிறது.

தாகேதா 1959 வாக்கில் உண்டான புது ஊர். வீடு மாறும்போது கொஞ்சம் காகிதம் தொலைந்தது, 2008 மே மாதம் நர்கிஸ் புயலில் கூரையோடு கொஞ்சம் போனது. மிச்சம் இருப்பதுதான் நம் கையில் உள்ளது.

இன்னொரு தொல்லை பெயர். எங்கள் தாத்தாவுக்கு ஒரு காகிதத்தில் தமிழ்ப் பெயர், இன்னொன்றில் பர்மியப் பெயர். இரண்டும் ஒரே ஆள் என்று யார் சாட்சி சொல்வது? மாமா மூன்று தடவை ஆபீஸுக்கு நடந்தார், மூன்று தடவையும் திருப்பி அனுப்பினார்கள். கடைசியில் சபையின் பழைய விவாகப் பதிவேட்டில் இரண்டு பெயரும் பக்கத்தில் பக்கத்தில் எழுதியிருந்தது. எழுதி வைத்த ஐயர் யாரென்றுகூட எங்களுக்குத் தெரியாது.

ஆகவே என் கருத்து இது: குடும்பப் பட்டியல், பிறப்பு, விவாக, மரணப் பத்திரம், பழைய அடையாள அட்டை, வெளிநாட்டவர் பதிவுச் சான்று, இவற்றுக்குக் காலக்கெடுவே கிடையாது. ஆள் இறந்த பிறகும் வையுங்கள். பழைய அட்டையை லேமினேஷன் செய்யாதீர்கள்; சூட்டில் மை மங்கினால் திரும்ப வராது. பிளாஸ்டிக் உறையில் போட்டு, தரையிலிருந்து உயர வையுங்கள். போட்டோ எடுத்து வேறு வீட்டில் இருக்கும் அக்காவுக்கோ அண்ணனுக்கோ அனுப்புங்கள். பேஸ்புக்கில் மட்டும் போடாதீர்கள்.

சபையின் ஞானஸ்நான, விவாகப் பதிவேடுகளும் அலமாரியில் மழை ஈரம் குடிக்கின்றன. ஐயரிடம் அனுமதி கேட்டு, ஆராதனைக்குப் பின் நாலு ஞாயிறு உட்கார்ந்தால் நாமே நகல் எடுத்துவிடலாம். பர்மிய எழுத்து வாசிக்கத் தெரிந்த இரண்டு பேர் கட்டாயம் வேண்டும். வருகிற வாலிபர் கூட்டத்தில் நான் பெயர் கேட்பேன்.