அந்தப் பெண்ணின் பெயர் என்ன?

ஐயா முதலித் தெருவுக்குப் பக்கத்தில் ஒரு சந்தில் நான் குடியிருக்கிறேன். 1734-ல் கவர்னர் பிட் காலத்தில் நெசவாளர்களுக்காக ஏற்பட்ட பேட்டை இது. சின்னத் தறிப் பேட்டைதான் சிந்தாதிரிப்பேட்டை ஆயிற்று என்பார்கள். தறிகள் போய் எத்தனையோ காலமாயிற்று. வீடுகள் மட்டும் இன்னும் பாவும் ஊடையுமாகப் பின்னிக்கொண்டு நிற்கின்றன. ஒரு வீட்டில் டெலிவிஷன் போட்டால் நாலு வீட்டுக்குக் கேட்கும். ஆகவே நாலு வீட்டுக்காரர்களும் ஒரே வீட்டில் வந்து உட்கார்ந்துவிடுவது மின்சாரத்துக்குச் சிக்கனம்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அப்படித்தான் வீட்டுக்காரர் கூடத்தில் கூடியிருந்தோம். வீட்டுக்காரர் நாகபுரியில் முப்பது வருஷம் ரெயில்வே உத்தியோகம் பார்த்தவர். ஹிந்திப் படம் என்றால் அவர்தான் எங்களுக்கு மொழிபெயர்ப்பாளர். வசனம் பேசுகிறவர் வாயை மூடுமுன் இவர் தமிழில் சொல்லி முடித்துவிடுவார். சில சமயம் முன்கூட்டியே சொல்லிவிடுவதும் உண்டு.

"கொலைப் படமாம். நிஜமாக நடந்ததாம்" என்றார் மாடி வீட்டு அம்மாள்.

'நிஜமாக நடந்தது' என்ற இரண்டு வார்த்தைக்கு இருக்கிற வசியத்தை என்னென்பது! பால் காய்ச்சிக்கொண்டிருந்தவர்கள்கூட அடுப்பை அணைத்துவிட்டு வந்தார்கள். நான் மட்டும் என்ன யோக்கியம்? பத்திரிகைக்காரன். கொலைச் செய்தி வந்த வாரம் எத்தனை பிரதி கூடுதலாக அச்சாகும் என்று எனக்குத் தெரியாதா?

படத்தின் பெயர் 'தல்வார்'. 2015-ல் வந்தது. விஷால் பரத்வாஜ் எழுதி, மேக்னா குல்ஸார் டைரக்ட் செய்தது. டில்லிக்கு அடுத்த நொய்டாவில் 2008-ஆம் வருஷம் மே மாதம் 15-ஆம் தேதி இரவு நடந்த கொலைதான் கதை. பல் வைத்தியத் தம்பதியின் ஒரே மகள் ஆருஷி. இன்னும் ஒன்பது நாளில் பதினாலு வயது நிறைய வேண்டியவள். காலையில் தன் அறையில் பிணமாகக் கிடந்தாள். வீட்டு வேலைக்காரர் ஹேம்ராஜைக் காணோம். 'அவன்தான் கொன்றுவிட்டு ஓடிவிட்டான்' என்று போலீஸார் முடிவு கட்டினார்கள். மறுநாள் மொட்டை மாடிக் கதவை உடைத்துப் பார்த்தால், அங்கே ஹேம்ராஜின் சடலம்! கொலைகாரன் என்று தேடப்பட்ட மனிதர், தேட ஆரம்பிக்கும் முன்பே செத்துக் கிடந்திருக்கிறார்.

பிறகு தகப்பனாரைக் கைது செய்தார்கள். உயர்ந்த போலீஸ் அதிகாரி ஒருவர் நிருபர்களைக் கூட்டி, அந்தக் குழந்தையின் நடத்தையைப் பற்றியே, ருசு ஒன்றும் இல்லாமல், தேசம் முழுவதும் கேட்கும்படி பேசினார். பேசுகையில் அவளுடைய பெயரையே தப்பாகச் சொன்னார். ஆருஷியை 'ஸ்ருதி' என்றார்! படத்தில் அந்தப் பெண்ணுக்கு வைத்திருக்கும் பெயரும் ஸ்ருதிதான். வேண்டுமென்று வைத்தார்களோ, தற்செயலோ?

சி.பி.ஐ. வந்தது. அதிலும் ஒரு கோஷ்டி ஒன்று சொல்ல, அடுத்த கோஷ்டி வேறு சொன்னது. படமும் கொலையை ஒரே மாதிரி காட்டாமல், ஒவ்வொரு விசாரணைக்கும் ஒரு விதமாகக் காட்டுகிறது. இர்பான் கான் விசாரணை அதிகாரியாக வருகிறார். அலட்டிக்கொள்ளாமல், ஒரு சின்னச் சிரிப்பிலேயே முழு டிபார்ட்மெண்டையும் எடை போட்டுவிடுகிறார். பிரமாதம்!

ஒரு விஷயத்தில் படம் எடுத்தவர்களைப் பாராட்டத்தான் வேண்டும். படம் வெளியானபோது தாயும் தகப்பனும் சிறையில் இருந்தார்கள். 2013 நவம்பரில் காஜியாபாத் கோர்ட்டு அவர்களுக்கு ஆயுள் தண்டனை விதித்திருந்தது. 'இது சரிதானா?' என்று கேட்கிற தைரியம் படத்துக்கு இருந்தது. 2017 அக்டோபர் 12-ல் அலகாபாத் ஹைகோர்ட்டு இருவரையும் விடுதலை செய்தது. இதே வழக்கை வைத்து இன்னொரு படமும் உண்டு. 'ரஹஸ்யா' என்று பெயர். அதை வெளியிடக் கூடாதென்று பெற்றோர் தரப்பில் கோர்ட்டுக்குப் போனார்கள். அப்படியும் 2015 ஜனவரியில் வந்துவிட்டது.

இவ்வளவையும் வீட்டுக்காரர் உற்சாகமாக விவரித்துக்கொண்டிருந்த சமயத்தில் மாடி வீட்டு அம்மாளின் பெண், ஒன்பதாவது வகுப்புப் படிப்பவள், ஒரு கேள்வி போட்டாள்.

"தாத்தா, அந்தப் பொண்ணு எப்படி இருப்பா? அவளைக் காட்டவே மாட்டேங்கறாங்களே?"

"காட்டினாங்களே அம்மா. கட்டில்லே..."

"அது செத்தப்புறம். அதுக்கு முன்னாலே?"

வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். நான் டெலிவிஷனைப் பார்த்தேன். இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஓடும் படம். கத்தியா, கால்ப் மட்டையா என்று அலசுகிறார்கள். போலீஸ்காரர்கள் சண்டை போடுகிறார்கள். அதிகாரிகள் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து மணிக் கணக்கில் தர்க்கம் செய்கிறார்கள். பெற்றவர்கள் அழுகிறார்கள், அல்லது ஏன் அழவில்லை என்று ஊர் கேட்கிறது. எல்லாருக்கும் முகம் இருக்கிறது. அந்தப் பெண்ணுக்கும், 'கேம்பால்' என்ற பெயரில் வரும் வேலைக்காரருக்கும்தான் இடம் குறைச்சல். யார் செத்தது என்பதைவிட யார் கொன்றது என்பதில்தான் ஸ்வாரஸ்யம் என்று ஆகிவிட்டது.

எனக்குத் தெரிந்ததை அந்தப் பெண்ணுக்குச் சொன்னேன். அன்று இரவு அப்பாவும் அம்மாவும் பிறந்த நாள் பரிசை முன்னதாகவே ஆருஷியிடம் கொடுத்துவிட்டார்கள். புதிய டிஜிட்டல் காமிரா. அவள் உடனே அதை எடுத்து வைத்துக்கொண்டு தன்னையும், அப்பா அம்மாவையும் மாற்றி மாற்றிப் படம் பிடித்தாள். பத்து மணிக்குச் சற்று மேல் வரை எடுத்திருக்கிறாள். அந்தப் படங்கள் காமிராவில் இருந்தன.

"என்ன மாதிரி சிரிச்சிருப்பா?" என்றாள் பெண். மாடி வீட்டு அம்மாள் சட்டென்று எழுந்து உள்ளே போய்விட்டார்.

பேச்சை மாற்ற வேண்டும் என்றுதானோ என்னவோ, வீட்டுக்காரர், "டில்லி என்ன தம்பி, நம்ம ஊரிலே நடக்காததா? 21-ஜி பஸ்ஸு, மந்தைவெளி டிப்போ, பெட்டி... ஞாபகம் இருக்கா?" என்றார். யாருக்குத்தான் இருக்காது? பஸ் நம்பரை ஒரே மூச்சில் சொன்னவர், "பையன் பேரு... வாயிலே நிக்குது..." என்று தடுமாறினார்.

நவரசு. 1996 நவம்பரில் அண்ணாமலைப் பல்கலைக் கழகத்து ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரியில் முதல் வருஷம் படித்தவர். பள்ளிக்கூடத்தை விட்டு வந்து சில மாதங்களே ஆகியிருந்தன. தகப்பனார் சென்னைப் பல்கலைக் கழகத் துணைவேந்தராக இருந்தவர். தீபாவளிக்குப் பிள்ளை வருவான் என்று வீட்டில் காத்திருந்தார்கள். 6-ஆம் தேதிக்குப் பிறகு அவரை யாரும் உயிரோடு பார்க்கவில்லை. மறுநாள் மந்தைவெளியில், பஸ்ஸில் கிடந்த பெட்டிக்குள் தலையில்லாத உடல். மேல் வகுப்பு மாணவர் ஜான் டேவிட் மீது வழக்கு. 1998-ல் கடலூர் கோர்ட்டில் ஆயுள் தண்டனை; 2001-ல் சென்னை ஹைகோர்ட்டில் விடுதலை; 2011 ஏப்ரலில் சுப்ரீம் கோர்ட்டு மறுபடி தண்டனையை உறுதி செய்தது. அந்தத் தகப்பனாருக்கு மட்டும் பதினாலு வருஷத்துக்கு மேல் வழக்கு முடியவே இல்லை.

ஒன்று நடந்தது. 1997-ல் ராகிங் தடைச் சட்டம் வந்தது. இரண்டு வருஷம் வரை சிறை, பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம், கல்லூரியை விட்டு நீக்கம். இன்றைக்குத் தமிழ்நாட்டில் கல்லூரிக்குப் போகும் ஒவ்வொரு பிள்ளைக்கும் அந்தச் சட்டம் காவல் நிற்கிறது. 21-ஜி நினைவிருக்கும் அளவுக்கு இது நினைவிருக்கிறதா என்று கேட்டால், வீட்டுக்காரர் தலையைச் சொறிந்தார்.

இம்மாதிரி கதைகளை எடுக்கச் சட்டம் இடம் கொடுக்கிறதா என்றால், கொடுக்கிறது. அதற்கு வழி வகுத்ததே சென்னை வாரப் பத்திரிகை ஒன்றின் வழக்குதான். ஆட்டோ சங்கரின் சுயசரிதத்தை 'நக்கீரன்' வெளியிடக் கூடாதென்று சிறை அதிகாரிகள் தடுத்தபோது, 1994-ல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புச் சொன்னது. கோர்ட்டு ரிக்கார்டு போன்ற பொது ஆவணங்களில் உள்ளதை யாரும் வெளியிடலாம். அதற்குமேல் ஒருவரது சொந்த வாழ்க்கைக்குள் போவதானால் அவர் சம்மதம் வேண்டும். பத்திரிகைக்காரனான எனக்கு இந்தத் தீர்ப்பில் ரொம்பத் திருப்தி. ஆனால் செத்துப்போன குழந்தையிடம் யார் போய்ச் சம்மதம் கேட்பது? பெற்றவர்களிடமாவது கேட்கலாம். கேட்டால் ஒருவேளை அந்தக் காமிராவைப் பற்றி அவர்களே சொல்வார்கள்.

மணி ஒன்பதரை. மாடி வீட்டு அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்து, "போதும், எழுந்திரு. நாளைக்கு உனக்குக் கணக்குப் பரீட்சை" என்றார். பெண் எழுந்தாள். படியில் கால் வைத்தவள் திரும்பினாள்.

"தாத்தா, படத்திலே ஏன் அவ பேரை மாத்தினாங்க?"

"கேஸ் கீஸ் வரும்னு பயந்திருப்பாங்க அம்மா."

"என் பேரை மாத்தினா எனக்குப் பிடிக்கவே பிடிக்காது" என்று சொல்லிவிட்டு மாடி ஏறிப் போனாள்.