பள்ளியில இருக்கிற பழைய கம்ப்யூட்டரை எடைக்குப் போடுறதுக்கு முன்னாடி

1/ இன்னைக்கு மருந்து, மாத்திரை பத்தி இல்லை. அரசுப் பள்ளி கம்ப்யூட்டர் பத்தி. பள்ளிகளுக்கு மருத்துவப் பரிசோதனைக்குப் போய் வர்ற அரசு டாக்டரா எனக்கு இதுல ஒரு கருத்து இருக்கு. கொஞ்சம் நீளமான இழை, பொறுமையா படிங்க.

2/ பல பள்ளிகள்ல துணி போட்டு மூடின நாலஞ்சு டெஸ்க்டாப் இருக்கும். கேட்டா, "ரொம்ப ஸ்லோ சார், ஆன் ஆகவே பத்து நிமிஷம் ஆகுது"ன்னு சொல்வாங்க. நிறைய இடத்துல மெஷின் செத்துப்போகலை. தன் சக்திக்கு மீறின சிஸ்டத்தைச் சுமந்து மூச்சு வாங்குது, அவ்வளவுதான்.

3/ விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓட முடிஞ்சது. விண்டோஸ் 11 போட குறைந்தது 4 ஜிபி ராம், 64 ஜிபி இடம், டிபிஎம் 2.0 வேணும். பழைய மெஷின் பலதுல இது கிடையாது. உடனே "எல்லாம் வேஸ்ட், எடைக்குப் போடு"ன்னு ஒரு முடிவுக்கு வந்துடுறாங்க. இதுல எனக்கு உடன்பாடு இல்லை.

4/ லினக்ஸ்ல லேசான வகைகள் உண்டு. ஆன்டிஎக்ஸ் 512 எம்பி ராமிலேயே ஓடும்னு அதை உருவாக்குறவங்களே சொல்றாங்க. பப்பி லினக்ஸை பென்டிரைவ்ல இருந்தே ஓட்டலாம். கொஞ்சம் தெம்பான மெஷினுக்கு லுபுன்டு. எல்லாமே இலவசம், திறந்த மூலம். பழைய ஹார்ட் டிஸ்கை எடுத்துட்டு சின்னதா ஒரு எஸ்எஸ்டி போட்டா வேகம் இன்னும் கூடும்.

5/ ஆனா லேசான சிஸ்டத்தைப் போட்டதோட வேலை முடியலை. என் கருத்தே இங்கதான் ஆரம்பிக்குது. பெரியவங்க மாத்திரையைக் கண்ணளவுல பாதியா உடைச்சுக் கொடுத்தா அது குழந்தை மருந்து ஆயிடாது. எடை பார்த்து அளவு போடணும், பிள்ளை முழுங்குற வடிவத்துல கொடுக்கணும். பழைய மெஷின்ல ஓடுறது வேற, எட்டு வயசுப் பிள்ளைக்குப் பொருந்துறது வேற.

6/ பொருத்துறதுன்னா என்ன?
- திரையில அஞ்சாறு பெரிய ஐகான் மட்டும், தமிழ்ப் பேரோட.
- யுனிகோடு எழுத்துரு, தமிழ்99 விசைப்பலகை முதல்லயே தயாரா இருக்கணும்.
- செட்டிங்ஸுக்குப் பாஸ்வேர்டு.
- ஒரு பிள்ளை கலைச்சு வெச்சாலும், அணைச்சுப் போட்டா பழையபடி வந்து நிக்கணும்.

7/ அப்புறம், நெட் இல்லாம ஓடணும். பழைய மெஷினை உண்மையில திணறடிக்கிறது இன்னைய பிரவுசரும் வெப்சைட்டும்தான். ஜிகாம்ப்ரி (2000-ல தொடங்கினது, சின்னப் பிள்ளைகளுக்கான கணக்கு, எழுத்து, மவுஸ் பழகுற விளையாட்டுகள்), டக்ஸ் பெயின்ட் (2002) ரெண்டுக்கும் நெட் தேவையில்லை. ஆரம்பப் பள்ளிக்கு இந்த ரெண்டே ஒரு வருஷத்துக்குப் போதும்.

8/ "இதெல்லாம் நடக்குமா?" பக்கத்துல கேரளாவுல நடந்துக்கிட்டு இருக்கு. 2001-ல தொடங்கின ஐடி அட் ஸ்கூல் திட்டம் 2017-ல கைட் நிறுவனமா மாறுச்சு. உபுன்டுவை எடுத்து, தங்கள் பாடத்திட்டத்துக்கும் மலையாளத்துக்கும் ஏத்த மாதிரி அவங்களே மாத்திக்கிட்டாங்க. பாடப்புத்தகத்தை அதை வெச்சு எழுதி, ஆசிரியர்களுக்குப் பயிற்சியும் கொடுத்தாங்க.

9/ நம்மகிட்டயும் இல்லாம இல்லை. பாஸ் லினக்ஸை உருவாக்கினது சென்னை சி-டாக். பள்ளிகளுக்குன்னே எடுபாஸ்னு ஒரு பதிப்பும் வந்தது. ஆனா அதை வகுப்புல சொல்லித்தர ஆளைத் தயார் பண்ணினது குறைவு. அதனால பிள்ளைகள் கைக்கு அது பழகவே இல்லை.

10/ பள்ளியில வாராவாரம் கொடுக்கிற இரும்புச்சத்து மாத்திரையையே எடுத்துக்கோங்க. "கொடுத்தாச்சு"ன்னு ரெஜிஸ்டர்ல டிக் போட்டா ஹீமோகுளோபின் ஏறாது. பிள்ளை முழுங்கணும். கம்ப்யூட்டரும் அப்படித்தான். எத்தனை மெஷின் இருக்குன்னு எண்ணாதீங்க. ஒரு பிள்ளை வாரத்துக்கு எத்தனை நிமிஷம் மவுஸைப் பிடிச்சதுன்னு எண்ணுங்க.

11/ "வெளியில எல்லாம் விண்டோஸ்தானே, நாளைக்கு வேலைக்கு என்ன பண்ணும்?" நியாயமான கேள்வி. நாலாங்கிளாஸ் பிள்ளை கத்துக்க வேண்டியது டைப் அடிக்கிறது, சேமிக்கிறது, சேமிச்சதைத் தேடி எடுக்கிறது. இது எந்த சிஸ்டத்திலும் ஒண்ணுதான். பெரிய வகுப்புக்கு வந்தா, நம்ம பிளஸ் 1 பாடப்புத்தகமே ஓபன் ஆபீஸைத்தான் சொல்லித்தருது. அதுவும் திறந்த மூலம்தான்.

12/ எல்லா மெஷினையும் காப்பாத்த முடியாது. ரொம்பப் பழைய 32 பிட் மெஷின்களுக்கு வழி குறைஞ்சுக்கிட்டே வருது; 2025-ல வந்த டெபியன் 13-ல அதுக்கான இன்ஸ்டாலரே இல்லை. போர்டு போன மெஷினையும் விட்டுடலாம். ஆனா அதை அங்கீகாரம் பெற்ற மின்கழிவு நிறுவனத்துக்குத்தான் கொடுக்கணும்.

13/ டாக்டரா இதுல எனக்குக் கூடுதல் பயம் உண்டு. எடைக்குப் போற மெஷின் கண்ட இடத்துக்குப் போய்ச் சேர்ந்தா, செம்புக்காக வயரை எரிப்பாங்க, போர்டை உடைப்பாங்க. அதுல வர்ற ஈயம் வளர்ற மூளையைத்தான் அதிகமா பாதிக்கும். குழந்தை படிக்க வாங்கின பொருள், இன்னொரு குழந்தையோட அறிவைக் குறைக்கக் கூடாது.

14/ நீங்க பண்ணக்கூடியது: அடுத்த பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துல மூணு கேள்வி கேளுங்க. எத்தனை கம்ப்யூட்டர் மூடிக் கிடக்கு? ஒவ்வொண்ணுலயும் ராம் எவ்வளவு? சின்ன வகுப்புப் பிள்ளைகள் கடைசியா எப்போ தொட்டாங்க?

15/ ஐடியில வேலை பார்க்கிற முன்னாள் மாணவர்களுக்கு: தலைமை ஆசிரியர்கிட்ட அனுமதி வாங்கி, ஒரே ஒரு மெஷின்ல பென்டிரைவ் வெச்சு ஓட்டிக் காட்டுங்க. உள்ள இருக்கிறதை அழிக்க வேண்டாம். ஓடுச்சுன்னா, ஒரு ஆசிரியருக்கு முழுசா சொல்லிக்கொடுத்துட்டு வாங்க. நீங்க ஊருக்குப் போனதுக்கு அப்புறமும் அது ஓடணும் இல்லையா?