நங்கூரம் சுமக்கும் கப்பல்கள்



"மகனுக்குக் கப்பலில் வேலை கிடைத்திருக்கிறது" என்று ஒரு வீட்டில் சொன்னால், அடுத்து நாம் கேட்கும் கேள்வி, "சம்பளம் எவ்வளவு?" என்பதுதான். பெண் பார்க்க வந்தவர்களிடமும் அதையே கேட்கிறோம். எந்தக் கப்பல், அதில் என்ன வேலை என்று கேட்போர் அரிது. கப்பல் என்றால் எல்லாம் ஒன்றுதான் என்பது நம் எண்ணம். சரக்குக் கப்பல் வேறு; எண்ணெய் ஏற்றிச் செல்லும் டேங்கர் வேறு; கடலின் நடுவே எண்ணெய்க் கிணறு தோண்டும் மேடைகளுக்கு ஊழியம் செய்யும் கப்பல் முற்றிலும் வேறு. இந்த மூன்றாம் வகையில், நங்கூரம் தூக்கும் கப்பல்களில் பணி செய்யும் பிள்ளைகளைப் பற்றி இம்மாதம் எழுத விழைகிறேன்.

கடல் தொழிலுக்கும் நமக்கும் உள்ள உறவு நம் பேச்சிலேயே பதிந்து கிடக்கிறது. சுக்கான் என்பது அரபுச் சொல். நங்கூரம் என்பது பாரசீக மொழியின் 'லங்கர்' என்ற சொல்லிலிருந்து வந்தது. மாலுமி என்ற சொல்லோ அரபியின் 'முஅல்லிம்' என்பதன் திரிபு. மதரஸாவில் பாடம் சொல்லும் ஆசிரியரையும் அதே சொல்லால்தான் அழைக்கிறோம். காற்றையும் விண்மீனையும் நீரோட்டத்தையும் அறிந்து பிறருக்கு வழிகாட்டியவன் என்பதனால் அக்காலத்தில் கப்பலோட்டிக்கு அப்பெயர் வாய்த்தது. வலிமையைக் காட்டிலும் அறிவே கடலில் முதன்மையானது என்பதை அந்தப் பெயரே உணர்த்துகிறது.

இனி, தொழிலுக்கு வருவோம். ஆழ்கடலில் எண்ணெய்க் கிணறு தோண்டும் மேடைகளுள் ஒரு வகை, கடலடியில் கால் ஊன்றாமல் மிதந்துகொண்டிருப்பது. துரப்பணக் குழாய் கடலடி வரை இறங்கி நிற்கும்போது மேடை நகர்ந்துவிடலாகாது. ஆதலால் அதன் நான்கு மூலைகளிலிருந்தும் எட்டோ அதற்கு மேற்பட்டோ நங்கூரங்களை நாலாபுறமும் வெகுதொலைவில் கடலடியில் பதித்து, கூடாரத்தை முளையடித்துக் கட்டுவதைப் போல் கட்டி நிறுத்துகிறார்கள். மேடை தன் நங்கூரங்களைத் தானே கொண்டுபோய்ப் பதித்துக்கொள்ள இயலாது. அந்தப் பணிக்கென்றே கட்டப்பட்டவைதாம் நங்கூரம் தூக்கும் கப்பல்கள்.

ஒவ்வொரு நங்கூரமும் பத்து டன்னுக்கு மேற்பட்ட எடை கொண்டதாக இருக்கும். அதனோடு வரும் சங்கிலியின் எடை அதைவிடப் பெரிது. 76 மில்லிமீட்டர் தடிமன் கொண்ட கம்பியால் செய்த சங்கிலி, மீட்டர் ஒன்றுக்கு ஏறத்தாழ 125 கிலோ எடை இருக்கும். ஆயிரம் மீட்டர் சங்கிலி என்றால் 125 டன். இருபத்தைந்து யானைகளை ஒரு கப்பலின் பின்புறத்தில் கட்டித் தொங்கவிட்டதாக எண்ணிக்கொள்ளுங்கள். நீருக்குள் அந்த எடை சற்றுக் குறையும், அவ்வளவுதான்.

இத்தகைய கப்பலின் முன்பகுதியில் மட்டும் அடுக்குமாடிபோல் அறைகள் உயர்ந்திருக்கும். பின்பகுதி முழுவதும் வெற்றுத் தளம். கடல் மட்டத்துக்குச் சற்றே மேலே இருக்கும். பின்முனையில் சுவர் இல்லை. நங்கூரமும் சங்கிலியும் வழுக்கி ஏறி இறங்குவதற்காகப் பெரிய உருளை ஒன்று படுத்திருக்கும். சங்கிலியைக் கவ்விப் பிடிக்க இரும்புத் தாடை. அது பக்கவாட்டில் ஓடாதிருக்க, தளத்திலிருந்து மேலெழும் தடித்த முளைகள். இழுத்துச் சுற்ற நூற்றுக்கணக்கான டன் வலிமை உள்ள வின்ச். அலை உயர்ந்தால் கடல்நீர் தளத்தின் மீது புரண்டு ஓடும். அந்த நீரில் நின்றுகொண்டுதான் இளைஞர்கள் ஷாக்கிள் மாட்டுகிறார்கள், கழற்றுகிறார்கள்.

என்னிடம் ஓதிய மாணவர் ஒருவர் வளைகுடாக் கடலில் இத்தகைய கப்பலொன்றில் பணி செய்கிறார். விடுமுறையில் வந்திருந்தபோது, தளத்தில் முதலில் என்ன கற்றுத் தருவார்கள் என்று கேட்டேன். "ஹஜ்ரத், எங்கே நிற்கக் கூடாது என்பதைத்தான் முதலில் சொல்லித் தருவார்கள். கம்பிவடம் இழுபடும்போது அதன் நேருக்கு நிற்கக் கூடாது. கிடக்கிற வடத்தின் வளையத்துக்குள் கால் வைக்கக் கூடாது. வேலை செய்யத் தெரிவது அதற்குப் பிறகுதான்" என்றார். இறுகி நிற்கும் கம்பிவடம் அறுந்தால் அது சாட்டையைப் போல் வீசும். கண்ணிமைக்கும் நேரத்தில் ஆளை வெட்டி எறிந்துவிடும். ஆனால் தளத்தில் நிற்பவனுக்குக் கண்ணால் காண முடிந்த ஆபத்து அது. கண்ணுக்குத் தெரியாத ஆபத்து ஒன்றும் உண்டு. அது கப்பலின் சமநிலையைப் பற்றியது.

மாட்டுவண்டியின் பின்புறம் கயிறு கட்டி நேர் பின்னால் இழுத்தால் வண்டி பின்னால் நகரும். அதே கயிற்றைப் பக்கவாட்டில் இழுத்தால் வண்டி குடைசாயும். கப்பலுக்கும் இதுவே விதி. சங்கிலி நேர் பின்னால் தொங்கும் வரை கப்பல் தாங்கும். காற்றும் நீரோட்டமும் கப்பலைத் தடம் மாற்றித் தள்ள, சங்கிலி பக்கவாட்டுக்குப் போய்விட்டால், அத்தனை டன் எடையும் கப்பலை ஒருபுறமாகக் கவிழ்க்க முற்படும்.

2007 ஏப்ரல் 12 அன்று நிகழ்ந்தது இதுதான். ஸ்காட்லாந்துக்கு வடக்கே உள்ள ஷெட்லாந்து தீவுகளுக்கு மேற்கில், ரோஸ்பேங்க் எண்ணெய் வயலில், 'டிரான்ஸ்ஓஷன் ராதர்' என்ற மேடைக்கு நங்கூரமிடும் பணி நடந்துகொண்டிருந்தது. அங்கே கடலின் ஆழம் ஏறத்தாழ 1,100 மீட்டர். பணியில் இருந்த கப்பல்களுள் ஒன்று நார்வே நாட்டின் 'போர்பன் டால்பின்'. 2006இல் கட்டி முடிக்கப்பட்ட புத்தம்புதிய கப்பல். கடலிறங்கி ஓராண்டுகூட ஆகவில்லை. அதில் 15 பேர் இருந்தனர்.

கடைசியாக எஞ்சியிருந்த நங்கூரங்களுள் ஒன்றைக் கொண்டு செல்கையில் காற்றும் நீரோட்டமும் கப்பலை அதன் பாதையிலிருந்து ஒதுக்கித் தள்ளின. உதவிக்கு வந்த மற்றொரு கப்பல் சங்கிலியைக் கொக்கியால் பற்ற முயன்றும் இயலவில்லை. சங்கிலியைத் தடுத்து நின்ற உள்முளை தளத்துக்குள் இறக்கப்பட்டது. சங்கிலி சட்டெனப் பக்கவாட்டுக்குத் தாவிற்று; கப்பல் இடப்புறம் சாய்ந்தது. அவசர விடுவிப்புப் பொத்தானை அழுத்தினார்கள். அதை அழுத்தியதும் சங்கிலி முழுவதும் ஓடிவிடும் என்பது பணியாளர் பலரின் நம்பிக்கை. அது மெல்லத்தான் ஓடிற்று. சில நிமிடங்களுக்குள் கப்பல் தலைகீழாகக் கவிழ்ந்தது. மூன்று நாட்களுக்குப் பின் கடலில் மூழ்கிப் போயிற்று.

எழுவர் மீட்கப்பட்டனர். எண்மர் மாண்டனர். அவர்களுள் ஐவரின் உடல்கள் கிடைக்கவே இல்லை. மாண்டவர்களுள் கப்பல் தலைவரும் ஒருவர். அவருடைய பதினான்கு வயது மகனும் ஒருவன். பள்ளிப் பிள்ளைகள் ஒரு தொழிலை நேரில் கண்டு பழகும் ஏற்பாட்டின்படி, தந்தை செய்யும் வேலையைக் காண வந்திருந்தான் அந்தச் சிறுவன். கணவனையும் மகனையும் ஒரே மாலையில் இழந்த அந்தத் தாயின் துயரத்துக்கு நாடு ஏது, மொழி ஏது?

நார்வே அரசு ஒரு விசாரணைக் குழுவை அமைத்தது. 2008 மார்ச் மாதம் அக்குழு அறிக்கை அளித்தது. பழியை ஒரு மனிதனின் தலையில் சுமத்தி அது தன் கடமையை முடித்துக்கொள்ளவில்லை. பல குறைகள் ஒன்றின்மேல் ஒன்றாகச் சேர்ந்தே கப்பலைக் கவிழ்த்தன என்றது. எவ்வளவு எடையை எந்தக் கோணத்தில் தாங்கலாம் என்பதைக் கப்பலின் சமநிலைக் கையேடு மாலுமிகளுக்குத் தெளிவாகச் சொல்லவில்லை. அனுபவம் மிக்கவரே ஆயினும், அந்தக் கப்பலுக்குப் புதியவரான தலைவருக்குப் பொறுப்பை ஒப்படைக்கக் கிடைத்த நேரம் ஏறத்தாழ ஒன்றரை மணிதான். பக்கவாட்டு உந்திகளை முழு விசையில் இயக்கினால் கப்பலின் இழுவிசை குறைந்துவிடும் என்பது திட்டமிடும்போது உரிய அளவில் கருதப்படவில்லை. நிலைமை கைமீறிச் சென்றபோது, "போதும், நிறுத்துங்கள்" என்று கப்பலிலும் சொல்வாரில்லை, மேடையிலும் சொல்வாரில்லை.

இதை வாசிக்கும்போது மாலுமி என்ற சொல்லின் பொருள் மீண்டும் என் நினைவுக்கு வருகிறது. அந்தப் பதினைந்து பேரில் கோழைகள் எவருமில்லை, சோம்பேறிகளும் எவருமில்லை. அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டியதைத் தெரிவிக்க வேண்டியவர்கள் முழுமையாகத் தெரிவிக்கவில்லை. அந்த விபத்துக்குப் பிறகே, நங்கூரம் தூக்கும் கப்பல்களின் சமநிலை பற்றிய பரிந்துரைகளைச் சர்வதேசக் கடல்சார் அமைப்பு தன் விதித்தொகுப்பில் சேர்த்தது. அவை 2020 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தன. எண்மர் மாண்ட நாளிலிருந்து எண்ணினால், இடையே பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல் கழிந்திருந்தன.

இது எங்கோ வடக்குக் கடற்பகுதியில் நடந்தது என்று நாம் ஆறுதல் கொள்ள இடமில்லை. 1974இல் எண்ணெய் கண்டறியப்பட்ட மும்பை ஹை வயல் நம் நாட்டின் கடலிலேதான் இருக்கிறது. 2021 மே மாதம் டவ்தே புயல் வீசியபோது, அங்கே தொழிலாளர்கள் தங்கியிருந்த 'பி-305' என்ற மிதவைக் கலத்தின் நங்கூரங்கள் பற்றறுந்தன. மே 17 அன்று அது மூழ்கிற்று. அதில் இருந்த 261 பேரில் 186 பேரைக் கடற்படையும் கடலோரக் காவல்படையும் மீட்டன. அதே புயலில் 'வரப்பிரதா' என்ற நங்கூரம் தூக்கும் இழுவைக் கப்பலும் மூழ்கிற்று. அதில் இருந்த 13 பேரில் பிழைத்தவர் இருவரே. புயல் வருகிறது என்ற எச்சரிக்கை முன்கூட்டியே விடுக்கப்பட்டிருந்தது என்பதை இங்கே நினைவிற்கொள்ள வேண்டும்.

அப்படியானால் நம் பிள்ளைகள் இவ்வேலைக்குப் போகவே கூடாதா? அப்படி நான் சொல்லவில்லை. நேர்மையான உழைப்பு, குடும்பத்தைக் கரையேற்றும் ஊதியம், திறமைக்கு மதிப்பு உள்ள தொழில். கடலைக் கண்டு அஞ்சி வீட்டிலிருந்தவர்களின் வழிவந்தவர்களல்லர் நம் கரையோர ஊர்க்காரர்கள். ஆனால் அனுப்பும் முன்பாகக் கேட்க வேண்டியவற்றைக் கேட்டறிவது பெற்றோரின் கடமை.

முதலாவது, வேலைக்கு எடுக்கும் முகவர் மும்பையில் உள்ள கப்பல் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகத்தின் உரிமம் பெற்றவரா என்று உரிம எண்ணைக் கேட்டுச் சரிபாருங்கள். 2013 முதல் நடைமுறையில் உள்ள கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கையை நம் நாடு 2015இல் ஏற்றுக்கொண்டது. அதன்படி வேலை வாங்கித் தருவதற்காக மாலுமியிடம் கட்டணம் வாங்கலாகாது. கடவுச்சீட்டு, மருத்துவச் சான்று, மாலுமிக்குரிய சி.டி.சி. புத்தகம் ஆகியவற்றுக்கான செலவு மட்டும் அவனைச் சாரலாம். நகையை அடகு வைத்து இலட்சக்கணக்கில் முகவரிடம் கொட்டிவிட்டு, அந்தக் கடனுக்கு அஞ்சியே ஆபத்தான கப்பலை விட்டு இறங்க முடியாமல் தவிக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

இரண்டாவது, ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். கப்பலின் பெயர், அது எந்த நாட்டின் கொடியைத் தாங்கியது, ஊதியம், ஊர் திரும்பும் செலவு, விபத்து நேர்ந்தால் இழப்பீடு யாவும் அதில் இடம்பெற வேண்டும். அதன் நகல் ஒன்று வீட்டில் இருக்கட்டும். சம்பளமும் உணவும் தராமல் மாலுமிகளைக் கப்பலோடு கைவிட்டுவிடும் உரிமையாளர்களும் உலகில் உண்டு. அவ்வாறு நேர்ந்தால் மாலுமிக்குக் கிடைக்கும் நிதிப் பாதுகாப்பு 2017 முதல் உடன்படிக்கையில் சேர்க்கப்பட்டுள்ளது. ஆயினும் ஒப்பந்தம் கையில் இல்லாதவன் அதைக் கேட்டுப் பெறுவது கடினம்.

மூன்றாவது, ஓய்வு. 24 மணி நேரத்தில் குறைந்தது 10 மணி நேரமும், ஏழு நாட்களில் குறைந்தது 77 மணி நேரமும் ஓய்வு தர வேண்டும் என்பது உடன்படிக்கை காட்டும் அளவு. தூங்காத கண்ணுக்குக் கம்பிவடத்தின் வளையம் தெரியாது.

நான்காவது, வயது. பதினாறு வயதுக்குக் குறைந்தவர்களைக் கப்பலில் பணிக்கு அமர்த்தலாகாது. பதினெட்டு நிரம்பாதவர்களை ஆபத்தான வேலையில் ஈடுபடுத்தலாகாது. சான்றிதழில் வயதைக் கூட்டி எழுதிப் பிள்ளையை அனுப்பிவிடலாம் என்று எவரேனும் ஆலோசனை கூறினால், அவரை வாசற்படியோடு அனுப்பிவிடுங்கள்.

இவையெல்லாவற்றினும் முக்கியமானது ஒன்று உண்டு. பிள்ளை விடைபெறும் நேரத்தில் நாம் சொல்லி அனுப்பும் புத்திமதி என்ன? "பெரியவர்கள் சொல்வதைக் கேள், எதிர்த்துப் பேசாதே, வேலையைக் காப்பாற்றிக்கொள்" என்பதுதானே? வீட்டில் இது நல்ல பாடம். ஆனால் சங்கிலி பக்கவாட்டில் சாயும் தளத்தில், மேலதிகாரிக்கு அஞ்சி வாய் திறவாதிருந்தால் பலர் உயிருக்குக் கேடாகிவிடும். ஆபத்தைக் கண்டால் வேலையை நிறுத்தச் சொல்லும் உரிமை கடைநிலை ஊழியனுக்கும் உண்டு என்று எண்ணெய் வயல்களை நடத்தும் நிறுவனங்கள் பலவும் இன்று தம் விதிகளில் எழுதி வைத்திருக்கின்றன. எழுதி வைத்தால் மட்டும் போதாது. சொல்லும் துணிவை வீட்டிலிருந்தே கொடுத்தனுப்ப வேண்டும்.

ஆகவே, தாய்மார்களே! பிள்ளைக்காக துஆச் செய்து வழியனுப்பும்போது இதையும் சொல்லுங்கள்: "வாப்பா, உனக்குச் சரியில்லை என்று பட்டால் நிறுத்தச் சொல். அதனால் வேலை போனாலும் போகட்டும், வீட்டுக்கு வா. உன்னை நாங்கள் ஒரு சொல்லும் சொல்ல மாட்டோம்." அதைச் சொல்லும்போது வீட்டிலுள்ள ஆண்களும் உடனிருந்து ஆம் என்று சொல்லட்டும். பெற்றோரின் வாயிலிருந்து அதைக் கேட்டுச் சென்ற பிள்ளைக்குத்தான், வேளை வரும்போது கப்பல் தலைவரிடம் பேச நா எழும்.