வெள்ளை மாவெல்லாம் ஒன்றல்ல

நவராத்திரி நெருங்கினால் பொம்மை செய்பவர்களும், பள்ளிக் கண்காட்சி வந்தால் மாணவர்களும் ‘பிளாஸ்டர் ஆப் பாரிஸ்’ கேட்டு நம் கடைகளுக்கு வருகிறார்கள். கால் கிலோ, அரை கிலோ வியாபாரம்தான். லாபமும் பெரிதில்லை. அதனாலேயே இந்தச் சரக்கை நாம் மதிப்பதில்லை. மூட்டையைப் பிரித்து ஒரு மூலையில் போட்டுவிட்டு, கேட்டவருக்கு அள்ளிக் கொடுத்து விடுகிறோம். இது தவறு என்பதே நமது கருத்து.

பிறரைக் குறை சொல்லுமுன் எங்கள் கடையிலிருந்தே தொடங்குகிறோம். சில ஆண்டுகளுக்கு முன், மழைக்காலம் முழுவதும் கிடங்கில் வாய் திறந்து கிடந்த மூட்டை ஒன்றை ஒரு சில்லறைக் கடைக்காரருக்குக் கொடுத்து விட்டோம். அவரிடம் வாங்கிய பள்ளி மாணவன் ஒருவன் கோயில் கோபுர மாதிரி வார்த்தான். அச்சைப் பிரித்ததும் கோபுரம் பொலபொலவென்று உதிர்ந்தது. தந்தை கடைக்காரரிடம் வந்தார். கடைக்காரர் எங்களிடம் வந்தார். பணத்தைத் திருப்பிக் கொடுத்தோம். மறுநாள் நடந்த கண்காட்சியைத் திருப்பிக் கொடுக்க முடியுமா?

காரணம் எளிது. ஜிப்சம் கல்லைச் சுமார் 150 டிகிரி சூட்டில் வறுத்து, அதிலுள்ள நீரின் பெரும்பகுதியைப் போக்கினால் கிடைப்பதே இந்தப் பொடி. மறுபடி நீர் பட்டால் அது கல்லாக இறுகும். காற்றிலுள்ள ஈரமும் நீர்தானே! திறந்து கிடக்கும் மூட்டை மெல்ல மெல்லச் செத்துப் போகிறது. ஆகவே கொள்முதல் செய்தவுடன் தடித்த பாலிதீன் பையில் இறுகக் கட்டி, தரையில் படாமல் பலகை மேல் வைக்க வேண்டும். சந்தேகம் வந்தால் இரண்டு கரண்டி பொடியைக் குழைத்துப் பாருங்கள். அரை மணி நேரத்தில் நன்றாக இறுகாத சரக்கை விற்காதீர்கள்.

வாடிக்கையாளர் கேட்டால் நமக்கு விவரமும் தெரிந்திருக்க வேண்டும். களிமண்ணை அழுத்திப் பொம்மை எடுக்கும் அச்சுக்குச் சாதாரண பிளாஸ்டரே நல்லது. அது மண்ணிலுள்ள நீரை உறிஞ்சுவதால் பொம்மை எளிதில் கழன்று வரும். நுணுக்கமான சிறு மாதிரிகள் முனை உடையாமல் வேண்டுமென்றால், பல் மருத்துவர்கள் பயன்படுத்தும் ‘டென்டல் ஸ்டோன்’ ஏற்றது. விலை கூடுதல், உறுதியும் கூடுதல். சாதாரண வகைக்கு 100 கிராமுக்கு 50 முதல் 60 மில்லி நீர் வேண்டும். ஸ்டோன் வகைக்கு 30 மில்லி போதும். நீர் கூடினால் வார்ப்பு பலம் குறையும். நீரில்தான் பொடியைத் தூவ வேண்டும். பொடியில் நீரை ஊற்றக் கூடாது. ஒரு நிமிடம் ஊறவிட்டு, நுரை எழாமல் கலக்க வேண்டும். இறுகத் தொடங்கிய கலவையில் மேலும் நீர் விடுவது வீண். மீதியைச் சாக்கடையில் கொட்டினால் குழாய் அடைத்துக் கொள்ளும்.

இன்னொன்றை ஒவ்வொரு பெற்றோரிடமும் சொல்லியே தீர வேண்டும். இறுகும்போது இந்தக் கலவை சூடாகும். 2007இல் இங்கிலாந்தின் லிங்கன்ஷயரில் ஒரு மாணவி கையை அச்செடுக்க வாளிக் கலவைக்குள் விட்டாள். கலவை கல்லாகி, கை வெந்து, விரல்களில் பெரும்பாலானவற்றை இழந்தாள். கையை உள்ளே விட்டு அச்செடுக்கும் விளையாட்டு கூடவே கூடாது.

மளிகைக் கடைக்காரர்களுக்கு முக்கியமாக ஒரு வேண்டுகோள். மைதா, அரிசி மாவு, கோலமாவு, வெள்ளை சிமென்ட், பிளாஸ்டர் எல்லாம் பார்வைக்கு வெள்ளைதான். மாவு அள்ளும் கரண்டியால் இதை அள்ளுவதும், பெயர் எழுதாத பொட்டலத்தில் கட்டுவதும் நாம் அன்றாடம் காணும் காட்சி. அவசரத்தில் பொட்டலம் மாறினால் அதன் விளைவு யார் வீட்டு அடுப்படியில் முடியும்? இதற்குத் தனி இடம், தனிக் கரண்டி, பெயரும் தேதியும் எழுதிய பொட்டலம் வேண்டும்.

விநாயகர் சதுர்த்திக்குச் சிலை வார்க்க மூட்டைக் கணக்கில் கேட்பவர்களும் உண்டு. நீர்நிலைகளில் கரைக்கும் சிலைகளுக்குப் பிளாஸ்டர் கூடாது என மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2020இல் வெளியிட்ட நெறிமுறைகள் கூறுகின்றன. அது களிமண் போலக் கரைவதில்லை. வரும் வியாபாரத்தை விடுவது கடினம்தான். இருந்தாலும் களிமண்ணே வாங்கச் சொல்லுவது நம் கடமை.

பத்து ரூபாய்ப் பொட்டலத்துக்கு இவ்வளவு பேச்சா என்று கேட்கலாம். அதை வாங்க வருகிற பையன் நாளைக்குக் குடும்பத்தின் மாதச் சாமான் வாங்குகிறவன். நாணயம் மொத்த வியாபாரத்தில் மட்டும் இருந்தால் போதாது. கால் கிலோவிலும் இருக்க வேண்டும்.