மெட்டு யாருடையது?

சென்ற ஆண்டு விழாவில் எங்கள் அணி பாடிய வரவேற்புப் பாடலுக்குக் கிடைத்த கைதட்டல் ஓய வெகு நேரமாயிற்று. சொற்கள் எங்களுடையவை. மெட்டோ, அப்போது வீட்டுக்கு வீடு ஒலித்துக்கொண்டிருந்த ஒரு திரைப்படப் பாடலினுடையது. பரிசும் பெற்றோம். மேடையை விட்டு இறங்கும்போது, முன்வரிசையிலிருந்த ஒரு சிறுமி, "அம்மா, இது அந்தப் படத்துப் பாட்டுதானே?" என்று உரக்கக் கேட்டாள். தாய் சிரித்தார். எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை.

"சொந்த மெட்டு அமைப்பதென்றால் அது பிறவியிலேயே வாய்க்க வேண்டிய வரம். நமக்கெல்லாம் எங்கே வரும்?" என்று அன்று எங்களையே நாங்கள் தேற்றிக்கொண்டோம். அது வெறும் சாக்கு என்பதே இன்று எங்கள் கருத்து. எங்கள் மனத்தை மாற்றியது, ஒரு பாட்டு பிறந்த கதை. அதை இம்மலரின் வாசகர்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகின்றோம்.

இங்கிலாந்தின் பீட்டில்ஸ் குழுவைப் பற்றிக் கேள்விப்படாதவர் சிலரே. அக்குழுவின் பால் மெக்கார்ட்னி இயற்றிய 'யெஸ்டர்டே' என்னும் பாட்டுதான் அது. 'நேற்று' என்பது அதன் பொருள். லண்டனில் தாம் தங்கியிருந்த வீட்டின் மாடியறையில் ஒரு நாள் காலை கண்விழித்தபோது, கனவில் கேட்ட ஒரு மெட்டு முழுமையாக அவர் காதில் நின்றது. கட்டிலருகே இருந்த பியானோவில் உடனே அதை வாசித்துப் பார்த்தார்.

இதுவரை கேட்டால், வரம் என்றுதானே தோன்றும்? அடுத்து அவர் செய்ததைக் கேளுங்கள். 'இவ்வளவு எளிதாக வந்த மெட்டு என்னுடையதாக இருக்குமா? எப்போதோ கேட்ட பிறர் பாட்டு நினைவில் தங்கியிருக்குமோ?' என்ற ஐயம் அவருக்கு எழுந்தது. பல வாரங்கள், இசை அறிந்தவர் ஒவ்வொருவரிடமும் வாசித்துக் காட்டி, "இதை எங்கேனும் கேட்டதுண்டா?" என்று விசாரித்தார். வழியில் கண்டெடுத்த பொருளைக் காவல் நிலையத்தில் ஒப்படைப்பது போன்றது அது என்று அவரே பின்னாளில் கூறியிருக்கிறார். உரிமை கோரி எவரும் வராதபின்னரே அதைத் தமதென்று எடுத்துக்கொண்டார். தெரிந்தே பிறர் மெட்டை எடுத்த எங்களுக்கு, இதைப் படித்தபோது முகம் சிவந்தது.

மெட்டு கிடைத்தும் சொற்கள் கிடைக்கவில்லை. மெட்டு மறந்துவிடாதிருக்க, முட்டைப் பொரியலைப் பற்றிய வேடிக்கைச் சொற்களை இட்டு நிரப்பிப் பாடிவந்தார். மாதங்கள் பல சென்றன. 1965ஆம் ஆண்டின் தொடக்கத்தில் படப்பிடிப்புக்கு இடையே ஓயாமல் இதையே வாசித்துக்கொண்டிருந்ததால், இயக்குநர் ரிச்சர்ட் லெஸ்டர் பொறுமையிழந்து, பியானோவையே அங்கிருந்து அகற்றிவிடுவேன் என்றாராம்! கிடைத்த சொற்களை வைத்துப் பாட்டை முடித்துவிடாமல் காத்திருந்தார் மெக்கார்ட்னி. அவ்வாண்டு மே மாதம் போர்த்துகல் நாட்டிற்கு விடுமுறைக்குச் சென்றபோது, நீண்ட கார்ப் பயணத்தில்தான் சொற்கள் வந்து அமைந்தன.

இழப்பின் துயரைச் சொல்லும் சொற்கள் அவை. அவருடைய தாய் மேரி ஒரு செவிலியர். 1956இல் புற்றுநோயால் இறந்தார். மகனுக்கு அப்போது வயது 14. அந்தத் துயரந்தான் தம்மை அறியாமல் பாட்டில் இறங்கியதோ என்று, பல ஆண்டுகளுக்குப் பின் அவர் எண்ணிப் பார்த்திருக்கிறார். இரவல் மெட்டிலும் அவசரச் சொற்களிலும் இத்தகைய உண்மை வந்து தங்குமா?

1965 ஜூன் 14ஆம் நாள், லண்டன் ஆபி ரோட்டில் ஈ.எம்.ஐ. நிறுவனத்தின் ஒலிப்பதிவுக் கூடத்தில் பாட்டு பதிவாயிற்று. தொண்டை கிழியப் பாடவேண்டிய வேறொரு பாட்டை அன்றே பாடி முடித்தவர், கிதாரை ஏந்தி இதைத் தனியாக மென்குரலில் பாடினார். இரண்டே முறை பாடினார். குழுவின் மற்ற மூவரும் இதில் வாசிக்கவில்லை.

அத்துடன் முடிந்ததா? இல்லை. தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டின் முறையாக இசை பயின்றவர். இரண்டு வயலின், ஒரு வியோலா, ஒரு செல்லோ சேர்க்கலாம் என்றார். மெக்கார்ட்னி முதலில் இசையவில்லை. பாட்டு மிகையாக இனித்துவிடும் என்று அஞ்சினார். பின்னர் முயன்று பார்க்க ஒப்புக்கொண்டு, மார்ட்டினோடு அமர்ந்து அப்பகுதிகளை அமைத்தார். மெக்கார்ட்னிக்கு இசைக்குறிப்பு எழுதத் தெரியாது, எழுதியவர் மார்ட்டின். ஜூன் 17ஆம் நாள் நான்கு கலைஞர்கள் வந்து வாசித்தனர். இரண்டு நிமிடத்திற்குச் சற்றே கூடுதலான அந்தப் பாட்டு, அவ்வாண்டு ஆகஸ்டில் இசைத்தட்டாக வெளிவந்தது. அன்றுமுதல் ஆயிரத்திற்கும் மேற்பட்ட முறை பிறர் அதைப் பாடிப் பதிவு செய்துள்ளனர்.

தோழியரே, இக்கதையில் கனவு எத்தனை பங்கு? ஓர் இரவு. மற்றவையெல்லாம் நேர்மை, பொறுமை, பிறர் சொல் கேட்கும் பணிவு. இவை மூன்றும் வரம் பெற்றோர்க்கு மட்டும் உரியவை அல்லவே! கணக்கு நோட்டிலும் தையல் வகுப்பிலும் அருட்சகோதரிகள் நம்மிடம் நாள்தோறும் கேட்பவையும் இவைதாமே?

"தெரிந்த மெட்டென்றால் கேட்போர் மகிழ்வர், ஒத்திகையும் விரைவில் முடியும்" என்று சிலர் கூறலாம். உண்மைதான். பிறர் பாட்டைப் பாடிப் பழகுவது தவறன்று. மெக்கார்ட்னியும் அவ்வாறு பழகியவரே. ஆனால் பழகுவது வேறு, பரிசு பெறுவது வேறு. இரவல் மெட்டில் பாடினால், அது யாருடையது என்பதை மேடையிலேயே அறிவித்துவிட்டுப் பாடுவோம்.

எனவே தலைமைச் சகோதரியிடம் எங்கள் பணிவான வேண்டுகோள் இதுவே: அடுத்த ஆண்டு விழாவின் வரவேற்புப் பாடல், சொல்லும் மெட்டும் நம் மாணவியருடையதாகவே இருக்கட்டும். விழாவுக்கு ஒரு வாரம் முன்பு அல்ல, பள்ளி திறந்த மாதத்திலேயே அதற்கு நேரம் ஒதுக்கித் தாருங்கள். பெற்றோரே, வீட்டில் உங்கள் மகள் அரைகுறை மெட்டு ஒன்றை ஓயாமல் முணுமுணுத்தால், பியானோவை அகற்றுவேன் என்ற இயக்குநரைப் போலக் கோபிக்காதீர்கள்.

எங்கள் முதற் பாட்டு சுமாராகவே அமையலாம். கைதட்டலும் குறையலாம். ஆனால் முன்வரிசைச் சிறுமி மறுபடியும், "இது யாருடைய பாட்டு?" என்று கேட்பாளானால், தலைநிமிர்ந்து விடை சொல்ல எங்களால் இயலும்.