ஊட்டி விடுறது குத்தமா சாமி?

நார்வேயின் ஸ்டாவங்கர் நகரத்துல 2011 மே மாசம், ஒரு வங்காளத் தம்பதியோட ரெண்டு பிள்ளைகளை அந்த நாட்டு குழந்தைகள் நலத்துறை தூக்கிட்டுப் போச்சு. கையால ஊட்டினதும், பக்கத்துல படுக்க வச்சதும் குத்தமாச் சொல்லப்பட்டதுன்னு பெத்தவங்க சொன்னாங்க. கலாச்சாரம் காரணமே இல்லைன்னு அதிகாரிகள் மறுத்தாங்க. 2012 ஏப்ரல்ல சித்தப்பா பொறுப்புல இந்தியா வந்த பிள்ளைகள், கல்கத்தா உயர்நீதிமன்ற உத்தரவுப்படி 2013 ஜனவரியில அம்மா சாகரிகா சக்ரவர்த்திகிட்ட சேர்ந்தாங்க. 2023ல ராணி முகர்ஜி நடிச்சு படமாவும் வந்தாச்சு.

உடனே "வெள்ளைக்காரனுக்குப் பாசம்னா என்னன்னு தெரியுமா?"ன்னு நம்மாளுங்க பொங்கிட்டாங்க. கொஞ்சம் பொறுங்க மக்களே.

பச்சைப்பிள்ளை தனி அறையில தூங்குனாத்தான் சொந்தக்கால்ல நிக்கும்னு அமெரிக்க அம்மா நம்புறாங்க. இதைக் கேட்டு குவாத்தமாலாவின் மாயன் அம்மாக்கள் அதிர்ந்து போனதா 1992ல வெளிவந்த ஒரு ஆய்வு சொல்லுது. நம்ம அம்மாவும் அதிர்ந்துதான் போவாங்க. ஆக, "இதுதான் இயற்கை"ன்னு எல்லாரும் சொல்றது அவங்கவங்க ஊர்ப் பழக்கத்தை. விமானம் ஏறும்போது துணிமணியோட அதையும்தான் கட்டி எடுத்துட்டுப் போறாங்க. அதை நோய் மாதிரி பார்க்கிறது திமிர்.

அதுக்காக கலாச்சாரம்னு சொன்னா எல்லாம் சரியாயிடுமா? நார்வேயில 1987லேயே பெத்தவங்களும் பிள்ளையை அடிக்கக் கூடாதுன்னு சட்டம் வந்தாச்சு. பிள்ளையைக் கொடுமைப்படுத்துனதா 2012 டிசம்பர்ல ஆஸ்லோ நீதிமன்றம் ஒரு ஆந்திரத் தம்பதியைச் சிறைக்கு அனுப்புச்சு. "பெத்தவன் அடிக்கக் கூடாதா?"ன்னு கேக்குறவங்க இங்க இன்னைக்கும் உண்டு. அடி வாங்குற பிள்ளைக்கு எந்தக் கலாச்சாரமும் ஒத்தடம் கொடுக்காது. பிள்ளைக்கு வலிக்குதா, இல்லையா? அளவுகோல் அது ஒண்ணுதான்.

இப்ப நம்ம ஊருக்கு வாங்க. பிள்ளைக்கு நல்லெண்ணெய் தேச்சு, தூளியில போட்டு, அழகர்கோவில்ல மொட்டை போடுற நாம, கட்டட வேலைக்கு பீகார்ல இருந்து வந்த அம்மா கடுகெண்ணெய் தேச்சா மட்டும் மூக்கைப் பொத்துறோம். "இவளுக்குப் பிள்ளை வளர்க்கத் தெரியுமா?"ன்னு டீக்கடையில உக்காந்து தீர்ப்பு சொல்றோம். அந்தப் பிள்ளை மணல் குவியல்ல தூங்குறது அவங்க கலாச்சாரம் இல்லீங்க, காப்பகம் இல்லாத குறை. வறுமையைப் பார்த்துட்டு வளர்ப்பு சரியில்லைன்னு சொல்றோம்.

ஸ்டாவங்கர்காரனைத் திட்ட நமக்கு என்ன யோக்கியதை இருக்கு? நீங்களே சொல்லுங்க.