காட்டுத் தீயும் ரேடியோத் தொண்டர்களும்

அமெரிக்காவில் கலிபோர்னியா மாகாணத்தில் பாரடைஸ் என்று ஓர் ஊர் இருக்கிறது. பாரடைஸ் என்றால் சுவர்க்கம் என்று அர்த்தம். 2018ம் வருஷம் நவம்பர் மாதம் 8ந் தேதி காலையில் பற்றிய காட்டுத் தீயானது சில மணி நேரத்தில் அந்தச் சுவர்க்கத்தைச் சாம்பலாக்கி விட்டது. மாண்டவர்கள் 85 பேர். அழிந்த கட்டடங்கள் 18,000க்கு மேல்.

இதைக் கேட்டதும், "எல்லாம் கடவுள் செயல், தலைவிதி" என்று பெருமூச்சு விடுகிறவர்கள் எங்கும் உண்டு. விசாரணையில் அகப்பட்டது கடவுளுமல்ல, விதியுமல்ல. தேய்ந்துபோன ஓர் இரும்புக் கொக்கிதான்! பசிபிக் காஸ் அண்டு எலெக்ட்ரிக் என்னும் மின்சாரக் கம்பெனியாரின் சுமார் 100 வருஷத்துக் கம்பிப் பாதையில், மாற்ற வேண்டிய காலத்தில் மாற்றாமல் விட்ட கொக்கி முறிந்து தீப்பொறி விழுந்தது. 2020ம் வருஷம் ஜுன் மாதத்தில் அக்கம்பெனியார் 84 பேருடைய சாவுக்குத் தாங்களே குற்றவாளிகளென்று கோர்ட்டில் ஒப்புக் கொண்டார்கள். தண்டனை என்ன? சுமார் 35 லட்சம் டாலர் அபராதம். ஜெயிலுக்குப் போனவர் ஒருவருமில்லை. கம்பெனிக்குத்தான் உடம்பு இல்லையே, பூட்டி வைப்பதற்கு!

நிற்க, அன்று ஊரோடு செல்போன் கோபுரங்களும் எரிந்தன. ஓடிப் போகச் சொல்லும் எச்சரிக்கையே பலருக்குப் போய்ச் சேரவில்லை. இந்த நிலைமையில், வீடிழந்தவர்கள் தங்கியிருந்த செஞ்சிலுவைச் சங்க முகாம்களுக்குத் தங்கள் கருவிகளோடு வந்து நின்றவர்கள் அமெச்சூர் ரேடியோக்காரர்கள். இவர்கள் யார்? சர்க்கார் உத்தியோகஸ்தர்களல்ல. பரீட்சை எழுதி லைசென்ஸ் பெற்று, சொந்தக் காசில் கருவி வாங்கியும் செய்தும் பழகிய சாதாரண ஜனங்கள். அந்நாட்டுப் பரீட்சைக்கு வயது வரம்பு கிடையாது, பிறப்பையும் கேட்பதில்லை. இத்தொண்டுக்குக் கூலி வாங்கச் சட்டமே இடங்கொடுப்பதில்லை. இவர்களுடைய சங்கம் 1914ல் ஏற்பட்டது; ஆபத்துக் காலத்திற்கென்று 1935லேயே ஒரு தனிப்படையும் ஏற்படுத்திக் கொண்டார்கள்.

இவர்கள் வேலையில் மந்திரம் ஒன்றுமில்லை. கையிலடங்கும் கருவி ஒன்று பேசுகிறது. மலையுச்சியிலுள்ள கருவி அதை வாங்கி அதிக பலத்தோடு திருப்பி அனுப்புகிறது. அதுவும் எரிந்துபோனால், வேறு அலைகளை ஆகாயத்தின் மேலடுக்கில் மோதித் திரும்பச் செய்து நூற்றுக்கணக்கான மைல்களுக்கு அப்பாலும் பேசலாம். பாட்டரியோ கார் என்ஜினோ போதும். எல்லோரும் ஏககாலத்தில் கத்தாமலிருக்க ஒருவர் தலைமை வகித்து முறைப்படுத்துவார். எந்த முகாமில் எத்தனை பேர், எங்கே கம்பளி இல்லை, எங்கே மருந்து தீர்ந்தது என்பவையே அவர்கள் பேச்சு. அது யாரும் கேட்கக்கூடிய பகிரங்கப் பேச்சு. ஆதலால் நோயாளியின் அந்தரங்கத்தை அதில் கொட்டாமலிருக்கவும் பழகியிருக்கிறார்கள்.

"எல்லோர் கையிலும் செல்போன் இருக்கும் காலத்தில் இந்தக் கிழட்டு ரேடியோ எதற்கு?" என்று பரிகாசம் செய்யும் புத்திசாலிகளை ஒன்று கேட்கிறோம். 2019ம் வருஷம் அக்டோபரில், காற்றடித்தால் தீப்பிடிக்குமென்று பயந்து அதே கம்பெனியார் தாங்களாகவே மின்சாரத்தை நிறுத்தினார்களே, அப்போது மரின் ஜில்லாவில் பாதிக்கு மேற்பட்ட செல்போன் நிலையங்கள் ஊமையாகி விட்டனவே, அது தெரியாதா? தீயின் நாக்குப் படாமலே ஊமையான யந்திரத்தை நம்பித்தானா பரிகாசம்?

ஆனால் இத்தொண்டர்களைப் புகழுகிறவர்களிலும் ஒரு கூட்டத்தாரிடம் நாம் ஜாக்கிரதையாயிருக்க வேண்டும். "பார்த்தீர்களா, ஜனங்களே எல்லாவற்றையும் பார்த்துக் கொள்ளுகிறார்கள்" என்று மாலை போட்டுவிட்டுக் கம்பெனியின் கணக்கை மூடிவிடப் பார்க்கிறவர்கள் அவர்கள். முகாமில் கம்பளி கேட்டு வாங்கித் தர முடிந்த தொண்டர்களால், விடியற்காலையில் வீட்டுக்கு வீடு எச்சரிக்கை சொல்ல முடிந்ததா? முடியவில்லை, அது அவர்கள் கடமையுமல்ல. மாதந்தோறும் கட்டணம் வாங்குகிறவன் கடமை அது. வரி வாங்குகிற சர்க்காரின் கடமை அது. தீ அபாயமுள்ள பிரதேசங்களில் செல்போன் நிலையங்களுக்கு 72 மணி நேரத்துக்கு மாற்று மின்சாரம் இருக்க வேண்டுமென்று கலிபோர்னியா சர்க்கார் கமிஷன் உத்தரவு போட்டது 2020ல்தான். இத்தனை பேர் வெந்த பிறகு வந்த புத்தி!

கூலி வாங்காதவன் இரவெல்லாம் விழித்திருக்கிறான். கோடி கோடியாய் வாங்கியவன் ஒரு கொக்கியை மாற்றவில்லை. இவ்விருவரில் யாரிடம் கணக்குக் கேட்பது, யாரிடம் பாடம் கேட்பது என்பதை வாசகர்களே யோசித்துக் கொள்ளட்டும். தொண்டனைப் பாராட்டுவதென்றால் அவனைப்போல் கற்றுக்கொள்வதும், அவன் தலையில் பிறர் பொறுப்பைக் கட்டாமலிருப்பதுமே தவிர, வாய் உபசாரமல்லவென்பதே நமது அபிப்பிராயம்.